கல்லின் ஒரு சுற்றும் ஒன்றரை மணி ஜீப்பும்

ஜனவரி 20

சின்னவளே,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. நீ என் எண்ணை முடக்கி வைத்து ஐந்து மாதம் ஆகிறது. அதனால் மலையிலிருந்து உன் துறைக்கு வாராவாரம் இறங்கும் ஹார்டு டிஸ்க்கின் உறைக்குள் இதை மடித்து வைக்கிறேன். உறையை எப்படியும் பிரிப்பாய். உள்ளே உன் கல் இருக்கிறதே.

நேற்று நிர்வாக அதிகாரி கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏதோ தீர்ப்பு வாசிப்பதுபோல் வாசித்தார். சிறுகோளைப் படம்பிடித்த பதினான்கு இரவுகளில் ஆறு இரவுகளின் பதிவு பயன்படாதாம். காரணம் தொலைநோக்கியை இயக்குபவரின் கவனக்குறைவாம். அந்த நேரங்களில் அவர் விழித்திருந்தாரா என்பதே சந்தேகமாம். கீழே உன் பேராசிரியரின் கையெழுத்து. அதற்கும் கீழே ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் உன் கையெழுத்து.

வாசித்து முடித்துவிட்டு அவர் கேட்டார்: “தூங்கிட்டீங்களாம்மா? உண்மையைச் சொல்லுங்க, ராத்திரி வேலைதானே, எல்லாருக்கும் வர்றதுதான்.”

தூங்கவில்லை என்றேன். எழுதிக் கொடுங்கள், பிப்ரவரி 12 வரை அவகாசம் என்றார். என் ஒப்பந்தம் பிப்ரவரி 28-ஆம் தேதி முடிகிறது. விளக்கம் திருப்தியாக இருந்தால்தான் அடுத்த வருடத்துக்கு நீட்டுவார்களாம்.

நான் எப்படித் தூங்குவேன், சொல். தொலைநோக்கிக்கு மேல் கவிந்த டோமின் கதவு பாதி வழியில் சிக்கும். ஏணியில் ஏறிக் கையால் தள்ள வேண்டும். பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒரு படம். ஒவ்வொரு படத்திலும் ஆயிரம் புள்ளிகள், அதில் எது உன் கல் என்று வரைபடத்தோடு ஒப்பிட்டுக் குறிக்க வேண்டும். கல் நீளவாக்கில் இருக்கிறது, உருளும்போது அகலப் பக்கம் நம்மைப் பார்த்தால் பிரகாசம், குறுகிய பக்கம் பார்த்தால் மங்கல், ஏறி இறங்கும் அந்த வெளிச்சத்தை வைத்தே ஒரு முறை சுற்ற எத்தனை மணி நேரம் என்று கண்டுபிடிக்கலாம் என்று எனக்குச் சொன்னவளே நீதான். அன்றைக்கு உருளைக்கிழங்கை விரலில் வைத்துச் சுற்றிக் காட்டினாய். அன்றிலிருந்து இங்கே எல்லோரும் அதைக் கிழங்கு என்றுதான் சொல்கிறோம். கிழங்கை நான் ஒரு இரவும் தவறவிட்டதில்லை.

போன வருடம் நீ எழுதிய கட்டுரையில் ‘மலை ஊழியர்களுக்கு நன்றி’ என்று போட்டாய். அதற்குத்தான் நாம் சண்டை போட்டோம். பெயர் போடச் சொன்னேன், போடவில்லை. இப்போது குற்றம் என்றதும் எத்தனை சுலபமாக என்னை அடையாளம் காட்டிவிட்டாய்.

அக்கா


ஜனவரி 24

அக்கா,

நான் உன் பெயரை எழுதவில்லை. ‘இயக்குபவர்’ என்றுதான் எழுதினேன். விழித்திருந்தாரா என்ற வரி என்னுடையது இல்லை, பேராசிரியர் சேர்த்தது. கையெழுத்துப் போடும்போது அது இருந்ததா என்று கேட்டால், இருந்தது. போட்டேன். அவர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு வரியை அடிக்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. உனக்கு இருக்கும். நீ என் இடத்தில் இல்லை.

அந்த மலையில் சின்னத் தொலைநோக்கியை இயக்குவது நீ ஒருத்திதான் என்பது எனக்குத் தெரியும். அதனால் பெயர் எழுதாததும் ஒரு சாக்குத்தான். சரி.

ஆனால் பதிவில் கோளாறு இருக்கிறது. அதை நான் கற்பனை செய்யவில்லை. எட்டு இரவுகளின் வெளிச்சப் புள்ளிகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் மேடும் பள்ளமுமாக ஒரே கோடாகப் பொருந்துகிறது. ஆறு இரவுகள் மட்டும் பக்கவாட்டில் நகர்ந்து நிற்கின்றன. அளவு சரி, வடிவம் சரி, இடம்தான் தப்பு. டிசம்பர் 22, 27, ஜனவரி 3, 6, 11, 13. என்ன முயன்றும் ஒட்டவில்லை. முதல் டிஸ்க் வந்ததிலிருந்து மூன்று வாரம் இதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் அந்த ஆறையும் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு சுற்றுக்கு ஆறு மணி இருபத்தைந்து நிமிடம் வந்தது. பேராசிரியருக்கு அது போதும். மார்ச் மாதக் கருத்தரங்குக்கு அனுப்ப வேண்டும் என்று தினமும் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார். ஆறு இரவு ஏன் போயிற்று என்று கேட்பார்களே, ஒரு காரணம் எழுதிக் கொடு என்றார். எழுதினேன்.

எண்ணை முடக்கியது ஏன் என்றால், உன் குரலைக் கேட்டதும் எனக்குப் பத்து வயதாகிவிடுகிறது. பதில் வராமல் கத்தத்தான் வருகிறது. எழுதினால் நிதானமாக இருக்கிறேன்.

அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

சின்னவள்


ஜனவரி 27

சின்னவளே,

அம்மாவின் முழங்கால் அம்மாவிடமே இருக்கிறது. வந்து பார்த்தால் தெரியும்.

“அவ எழுதினாளா?” என்று கேட்டாள். எழுதினாள், என்னைத் தூங்குமூஞ்சி என்று எழுதினாள் என்றேன். “அவ அப்படிச் சொல்ல மாட்டா” என்றாள். உன் கையெழுத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அந்தப் புண்ணியத்தை உனக்கே விட்டு வைத்திருக்கிறேன்.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். கணக்கு வரவில்லை என்றால் படம் எடுத்தவள் தூங்கினாள். மூன்று வாரம் மல்லுக்கட்டினாயே, ஒரு நாள், ஒரே ஒரு வரி, ‘அக்கா, இந்த ஆறு இரவும் என்ன நடந்தது’ என்று கேட்க உனக்குக் கை வரவில்லையா?

நீ கேட்காவிட்டாலும் நான் பார்த்தேன். கட்டுப்பாட்டு அறையின் பதிவேட்டில் அந்த ஆறு இரவும் வழக்கம்போல்தான் எழுதியிருக்கிறேன். காற்று, மேகம், எத்தனை படம், எல்லாம். வித்தியாசமாக எதுவும் இல்லை. பிறகு ஜெனரேட்டர் கொட்டகைக்குப் போய் அவர்களுடைய பதிவேட்டைப் புரட்டினேன். நீ சொன்ன ஆறு தேதியும் சாயங்காலம் கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்ட நாட்கள். ஆறுக்கு ஆறு. மற்ற எட்டு நாளும் கரண்ட் போகவில்லை. காவலாளி அண்ணன் பக்கத்தில் இருந்தார். “பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்களே, இதுதாம்மா” என்றார்.

ஆக உன் கேமராவுக்குத்தான் கரண்ட் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு இல்லை. இதை அப்படியே விளக்கத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். கரண்ட் போய் வந்தால் இங்கே எல்லாமே கோளாறுதான். தொலைநோக்கியைத் திருப்பும் எந்திரம் புதுசு, அது தப்பித்துக்கொள்ளும். படங்களைச் சேமிக்கிற கம்ப்யூட்டர் கிழடு. அதன் உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவு பேட்டரி செத்துப்போய் ஏழு மாதம் ஆகிறது. கரண்ட் போனால் அது பிறந்த வருடத்துக்கே திரும்பிப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் நான்தான் தேதியையும் நேரத்தையும் கையால் தட்டி வைக்கிறேன். பேட்டரி வேண்டும் என்று நான்கு கடிதம் கொடுத்தாயிற்று. நான்கும் எந்த அலமாரியில் அடைகாக்கிறதோ.

இதையும் சேர்த்து எழுதப் போகிறேன்.

அக்கா


ஜனவரி 31

அக்கா,

விளக்கத்தை இன்னும் கொடுத்துவிடாதே.

நேரத்தை எதைப் பார்த்துத் தட்டி வைக்கிறாய்?

சின்னவள்


பிப்ரவரி 3

சின்னவளே,

உன் ஒற்றை வரியைப் படித்தபோது ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தேன். மலை ஏறும்வரை கோபமாக இருந்தேன், இவளுக்கு எல்லாம் தந்தி பாஷைதானா என்று. கட்டுப்பாட்டு அறைக்குள் போய் விளக்கைப் போட்டு, நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வைக்கிறேன். சுவர்க் கடிகாரம் இருபது நிமிடம் முன்னால் ஓடுகிறது. முன்னால் தள்ளி வைத்தது நான்.

ஏன் என்று கேள். என் ஷிஃப்ட் ராத்திரி ஒன்றரை வரைக்கும். ஒன்றரைக்கு ஒரே ஒரு ஜீப் கீழே இறங்கும். ஒப்பந்தக்காரர்களுக்கு மேலே படுக்க இடம் கிடையாது. நிரந்தர ஊழியர்களுக்கு அறை உண்டு, கம்பளி உண்டு, வெந்நீர் உண்டு. நமக்கு ஜீப். அந்த டிரைவருக்கு நாங்கள் வைத்த பேர் அரை நிமிஷம். அரை நிமிஷம்கூட நிற்க மாட்டார். ஒன்றரை என்றால் அவருக்கு ஒன்று இருபது, சில நாள் ஒன்றே கால். போன வருடம் மழைக் காலத்தில் நானும் காவலாளி அண்ணனும் டோமைப் பூட்டிவிட்டு வருவதற்குள் போய்விட்டார். ஒன்பது கிலோமீட்டர் நடந்தோம். டார்ச்சும் பாதி வழியில் செத்துப்போனது. மறுநாள் புகார் கொடுத்தால் அதிகாரி என்ன சொன்னார் தெரியுமா? “நீங்க கொஞ்சம் முன்னாடியே கிளம்பக் கூடாதா?”

சரி, முன்னாடியே கிளம்புவோம் என்று ஸ்டூலில் ஏறி முள்ளை இருபது நிமிடம் தள்ளி வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் ஜீப்பை விட்டதில்லை.

நீ கேட்பாய், முன்னால் ஓடுகிறது என்று தெரிந்தும் அதைப் பார்த்து ஏன் வைத்தாய் என்று. மாதக்கணக்காக அந்த அறைக்குள் நேரம் என்றால் அதுதான். டீ குடிப்பதும் பூட்டுவதும் அதன்படிதான். அது பொய் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. கைப்பேசியைப் பார்க்கலாமே என்பாய். திரை வெளிச்சம் ஆகாது என்று கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஒப்பந்தக்காரர்களின் கைப்பேசியில் மட்டும்தான் வெளிச்சம் வரும் போலிருக்கிறது. நிரந்தரக்காரர்கள் பையில் வைத்துக்கொண்டே உள்ளே போகிறார்கள்.

இன்னொன்று கேள், வயிறு எரியும். காலையில் வரும் இன்ஜினியரிடம் விசாரித்தேன். கம்ப்யூட்டர் நேரம் தப்பாக இருந்ததை அவர் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் தன் கைப்பேசியைப் பார்த்துச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. “சின்ன விஷயம்தானேம்மா” என்றார். அதனால்தான் கரண்ட் போன இரவு தப்பு, அடுத்த இரவு சரி.

நான் தூங்கவில்லை. ஆனால் தப்பு என்னுடையதுதான். இதை எழுதிக் கொடுத்தால் கடிகாரத்தில் கை வைத்தவள். எழுதாவிட்டால் தூங்கியவள். எதைச் சொல்லிப் போகட்டும், நீயே சொல். படித்தவள்தானே.

எனக்கு வெட்கம் வரவில்லை. எரிச்சல்தான் வருகிறது.

அக்கா


பிப்ரவரி 9

அக்கா,

உண்மையை எழுதிக் கொடு. நானும் எழுதுகிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கல் சும்மா ஓரிடத்தில் நின்று சுழலவில்லை. நட்சத்திரங்களுக்கு நடுவே மெல்ல நகர்ந்துகொண்டும் இருக்கிறது. எந்த நிமிடத்தில் எந்தப் புள்ளியில் இருக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 22-ஆம் தேதிப் படத்தைத் திறந்து, அதில் எழுதியிருந்த நேரத்துக்குக் கல் எங்கே இருக்க வேண்டும் என்று பார்த்தேன். அங்கே இல்லை. கொஞ்சம் பின்னால் இருந்தது. இன்னும் வந்து சேரவில்லை. எவ்வளவு பின்னால் என்று அளந்து நிமிடமாக மாற்றினேன். இருபது.

அரை நாள் வேலை. இதை நான் முதலிலேயே செய்திருக்கலாம். உன்னைக் கேட்கக்கூட வேண்டியதில்லை. கல்லைக் கேட்டிருந்தால் அதுவே சொல்லியிருக்கும். எனக்கு அது தோன்றவில்லை, ஏனென்றால் தப்பு மலையில்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் தேடவே ஆரம்பித்தேன். இந்தத் துறையில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். கணக்கு சரியாக வந்தால் நாங்கள், தப்பாக வந்தால் மலை. மூன்று வருடத்தில் எனக்கும் அந்த வாய் வந்துவிட்டது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. முதல் நான்கு இரவுகளில் இருபது நிமிடம். ஜனவரி 11-லும் 13-லும் இருபத்தேழு. அந்த ஏழு நிமிடம் யாருடையது?

ஆறு இரவுகளையும் அதனதன் இடத்துக்கு நகர்த்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தன. நீ எடுத்த படங்களில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வேறொரு பூதம் கிளம்பியிருக்கிறது. இப்போது இரண்டு விடைகள் நிற்கின்றன. ஒன்று ஆறு மணி இருபத்தைந்து நிமிடம். இன்னொன்று ஏழு மணி இருபத்துநான்கு. இரண்டிலும் புள்ளிகள் ஏறத்தாழ ஒரேமாதிரி பொருந்துகின்றன. ஒன்பது மணிக்குக் கல் மரங்களுக்கு மேலே வந்து, ஒரு மணிக்கு நீ மூட்டை கட்டிவிடுகிறாய். நான்கு மணி நேரம்தான். ஒரு முழுச் சுற்றை ஒரே மூச்சில் நாம் பார்த்ததே இல்லை. இன்றைய துண்டுக்கும் நாளைய துண்டுக்கும் இடையே கல் எத்தனை சுற்று சுற்றியது என்பதை ஊகிக்கத்தான் முடிகிறது. ஊகத்தில் அரைச் சுற்று தப்பினால் ஒரு மணி நேரம் தப்பிவிடுகிறது.

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரக் கதையெல்லாம் ஆய்வில் வராது என்றார். ஆறு மணி இருபத்தைந்தையே அனுப்பு என்றார். ஒரு முழு இரவு கொடுங்கள் என்று கேட்டேன். கிழங்குக்கு, அவர் சிறுகோள் என்றுதான் சொன்னார், அவ்வளவு செய்ய வேண்டாம் என்றார்.

குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதாக உங்கள் அதிகாரிக்கு என் கையெழுத்தில் மட்டும் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பேராசிரியர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அம்மாவிடம் நானே சொல்கிறேன் என்று வைத்துக்கொள். ஏதாவது ஒரு நாள்.

சின்னவள்


பிப்ரவரி 17

சின்னவளே,

முதலில் உன் ஏழு நிமிடம். காவலாளி அண்ணனிடம் கேட்டேன். இல்லை என்றார். கல்லே காட்டிக்கொடுத்துவிட்டது அண்ணே என்றேன். வானத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார்: “ஜனவரி பத்தாம் தேதி அரை நிமிஷம் என்னை விட்டுட்டுப் போய்ட்டான்மா. நீ லீவு. நான் மட்டும் நடந்தேன். அதான் ஏழே ஏழு நிமிஷம் தள்ளி வச்சேன். மேல இருக்கிறதுக்கெல்லாமா இது தெரியும்?”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இன்னும் கேள். ஜெனரேட்டர்காரர் டிரைவரின் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்திருக்கிறார். அதுவும் பத்து நிமிடம் முன்னால். அவரைச் சீக்கிரம் வரச் சொல்லிக் கீழே வண்டி நிறுத்தத்தில் திட்டுகிறார்களாம். ஆக இந்த மலையில் சரியான நேரம் தெரிந்தது உன் கிழங்குக்கு மட்டும்தான்.

சிரிப்பு இதோடு முடிந்தது.

விளக்கம் எழுதிக் கொடுத்தேன். நான்கு பக்கம். ஜீப், கைப்பேசி, செத்த பேட்டரி, இன்ஜினியர், எல்லாம் ஒன்றுவிடாமல். ஒரு வாரத்தில் நடவடிக்கை எடுத்தார்கள். என்ன நடவடிக்கை என்று நினைக்கிறாய்? பழைய கடிகாரத்தைக் கழற்றிவிட்டுப் புதுக் கடிகாரம் மாட்டி, அதைச் சுற்றி இரும்புக் கம்பியில் ஒரு கூண்டு அடித்து, கூண்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். சாவி அதிகாரியின் மேசையில். கொலைகாரனை அடைத்ததுபோல் கடிகாரம் உள்ளே இருந்து பார்க்கிறது. பேட்டரி வரவில்லை. ஜீப் மாறவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்றால் இதுதான்.

நேற்று எனக்கு ஒரு தாள் வந்தது. அறிவியல் கருவிகளின் நேரத்தில் குறுக்கிட்டதை நானே ஒப்புக்கொண்டதால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. நுணலும் தன் வாயால் கெடும். நீ அனுப்பிய கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். “கோப்புல சேர்த்தாச்சு” என்றார். கோப்பு என்பது கிணறு மாதிரி. போட்டால் சத்தம்கூட வராது.

ஐந்து வருடம். டோம் கதவு எந்த இடத்தில் சிக்கும் என்று என் தோள்பட்டைக்குத் தெரியும். அடுத்து வருபவன் அதை முதல் வாரமே உடைப்பான். உடைக்கட்டும்.

அம்மாவிடம் வேலை போகப் போகிறது என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை.

நீ முழு இரவு வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். படித்தேன். ஜீப் ஒன்றரைக்கு.

அக்கா


பிப்ரவரி 21

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டேன்.

உண்மையை எழுதிக் கொடு என்று சொன்னவள் நான். தூங்கிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று நீ எழுதியிருந்தால் எச்சரித்து விட்டிருப்பார்கள். தூங்குகிறவர்களை அவர்களுக்குப் பிடிக்கும். ஏன் என்று எழுதுகிறவர்களைத்தான் பிடிக்காது. இதை யோசிக்காமல் பெரிய நியாயவாதி மாதிரி உனக்கு யோசனை சொன்னேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பார். கையெழுத்துப் போட்டேன், திரும்பப் பெற்றேன், என் நாற்காலி அதே இடத்தில் இருக்கிறது. காலையில் வந்து அதில் உட்காரவே பிடிக்கவில்லை.

பேராசிரியரிடம் கட்டுரையில் உன் பெயர் இரண்டாவதாக வர வேண்டும் என்று சொன்னேன். டிப்ளமா படித்தவர் பெயரா என்றார். பதினான்கு இரவும் நீங்களா ஏணியில் ஏறினீர்கள் என்று கேட்டுவிட்டேன். நானா அப்படிக் கேட்டேன் என்று இன்னும் நம்ப முடியவில்லை. அறையில் இருந்த மற்ற இருவரும் விசைப்பலகையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. நிம்மதியாக வேலை ஓடுகிறது.

இரண்டு விடைகளில் எது என்று தெரியாமல் எதையும் அனுப்ப மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். கருத்தரங்கு போனால் போகட்டும்.

முழு இரவு வேண்டாம். நான் எழுதியதை மறந்துவிடு. கல் எங்கேயும் ஓடிவிடாது, ஒன்றரை வருடத்தில் திரும்ப வரும், அப்போது வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். கடைசி வாரத்தில் நீ ஏதாவது செய்து இன்னொரு மெமோ வாங்க வேண்டாம். அந்த வழியில் தனியாக நடக்கவும் வேண்டாம்.

அடுத்த மாதம் என்ன செய்யப் போகிறாய்?

சின்னவள்


மார்ச் 1

சின்னவளே,

அடுத்த மாதம் என்ன செய்வேன் என்று தெரியாது. கீழே லிஃப்ட் பழுதுபார்க்கும் கடையில் ஆள் கேட்கிறார்கள். மோட்டாரும் கம்பியும்தானே. தலைக்கு மேலே வானம் இருக்காது, அவ்வளவுதான்.

இந்த டிஸ்க்கில் நேற்றைய இரவு இருக்கிறது. சாயங்காலம் ஏழே காலிலிருந்து விடிகாலை ஐந்து வரை. கல் இப்போது இருட்டும்போதே மரங்களுக்கு மேலே வந்துவிடுகிறது. நூற்றுத் தொண்ணூற்று மூன்று படம். இடையில் ஒரு கால் மணி நேரம் மேகம், மற்றபடி சுத்தம்.

நீ வேண்டாம் என்றாய். நீ சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்?

ஒன்றே காலுக்கு ஜீப் ஹாரன் அடித்தது. டோமுக்கு வெளியே வந்து, போங்கள், நான் வரவில்லை என்றேன். அரை நிமிஷம் இறங்கி வந்தார். ஐந்து வருடத்தில் அவர் வண்டியைவிட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. “ஏம்மா, கடைசி நாளு. வாம்மா, ஏறு” என்றார். ஏறவில்லை. வண்டிக்குப் போனார், உட்கார்ந்தார், இன்ஜினைப் போட்டார், அணைத்தார். திரும்பவும் ஹாரன். கூண்டுக்குள் இருக்கும் கடிகாரத்தில் பார்த்தேன். பதினொரு நிமிடம் நின்றார். எனக்காக. அந்த மனிதரை நான் எத்தனை திட்டியிருக்கிறேன். பிறகு போய்விட்டார். காவலாளி அண்ணனும் போகவில்லை. துணைக்கு இருந்தேன் என்று பெயர், ஸ்டூலில் உட்கார்ந்து குறட்டை விட்டார். உன் மெமோவில் சொன்ன ஆள் இவர்தான் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்.

நேரத்தைப் பற்றி. நேற்றும் சாயங்காலம் கரண்ட் போயிற்று. போகாமல் இருக்குமா? அந்தக் கூண்டை நான் நம்பவில்லை. கேட்டில் இருக்கும் ரேடியோவை இன்டர்காமில் ஒட்டிப் பிடிக்கச் சொன்னேன். ஏழு மணிச் செய்திக்கு முன்னால் பீப் பீப் என்று வருமே, அந்தக் கடைசி பீப்புக்கு விரலைத் தட்டினேன். நேரம் சரியாக இருக்கும். இல்லை என்றால் கல்லிடம் கேட்டுக்கொள், அதற்குத்தான் எல்லாம் தெரியுமே.

காலையில் டோமை மூடினேன். அதே இடத்தில் சிக்கியது. தோளைக் கொடுத்தேன். சாவியைக் கேட்டில் கொடுத்துவிட்டு, டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு ஒன்பது கிலோமீட்டரும் நடந்தோம். வெளிச்சத்தில் அந்தப் பாதை அத்தனை மோசமில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், உன் கையெழுத்தையும் சேர்த்து. சுமந்துகொண்டு திரிய முடியவில்லை. நீண்ட நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “அவ சாப்பிடறாளா?”

இதற்கு என்ன பதில் எழுதுவாய் என்று பார்க்கிறேன்.

அக்கா


மார்ச் 10

அக்கா,

ஏழு மணி இருபத்துநான்கு நிமிடம்.

படங்களைத் திறந்ததும் முதலில் கல்லின் இடத்தைத்தான் பார்த்தேன். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இம்மி பிசகவில்லை.

பிறகு வெளிச்சத்தை அளந்து புள்ளிகளை வரிசையாக வைத்தேன். ஏறி, இறங்கி, மீண்டும் ஏறி, கொஞ்சம் அதிகமாக இறங்கி, கடைசியில் ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. அதற்குமேலும் இரண்டு மணி நேரம் நீ விடவில்லை. அதனால் அடுத்த சுற்றின் தொடக்கம் முந்தைய சுற்றின்மேல் அப்படியே படிகிறது. ஊகமே இல்லை. பதினான்கு இரவும் இப்போது இந்த ஒரு இரவின்மேல் வந்து உட்கார்ந்துவிட்டன. ஆறு மணி இருபத்தைந்து செத்துவிட்டது. நான் அதை அனுப்பியிருந்தால் யாராவது ஒரு நாள் வந்து தப்பு என்று சொல்லியிருப்பார்கள், அப்போதும் நாங்கள் மலையைத்தான் கைகாட்டியிருப்போம்.

பேராசிரியர் வரைபடத்தைப் பார்த்தார். மேசையில் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் வந்து, யார் எடுத்தது என்றார். தெரிந்துகொண்டே கேட்டார். சொன்னேன்.

உன் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. பெயருக்குக் கீழே எந்த நிறுவனம் என்று படிவம் கேட்கிறது. வானியல் ஆய்வகத்தின் பெயரைப் போடக் கூடாதாம், ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். வீட்டு முகவரியைப் போட்டேன். மாடிப்படி, பின்பக்கம், எல்லாம். உலகத்தில் யாருக்காவது இந்தக் கல்லைப் பற்றிச் சந்தேகம் வந்தால் நம் வீட்டுக்குத்தான் எழுத வேண்டும்.

நேரத் திருத்தத்தை விளக்கும் பத்தியில் ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘இயக்குபவர்களைக் கீழே கொண்டுசெல்லும் ஒரே வாகனம் குறித்த நேரத்துக்கு முன்பே புறப்பட்டுவிடுவதால், கட்டுப்பாட்டு அறையின் கடிகாரம் முதலில் இருபது நிமிடமும் பின்னர் இருபத்தேழு நிமிடமும் முன்னே வைக்கப்பட்டிருந்தது.’ பேராசிரியர் அதை இரண்டு முறை அடித்தார். மூன்று முறை எழுதினேன். இருக்கிறது.

உன் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இதையெல்லாம் செய்தும் அது அப்படியேதான் இருக்கிறது. அதிகாரிக்கு இன்னும் இரண்டு கடிதம் போட்டேன். கிணற்றில் சத்தம் வரவில்லை. வரும்வரை போடுவேன்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் நீ கூப்பிட வேண்டாம். அம்மாவின் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லத் தெரியவில்லை. சனிக்கிழமை வருகிறேன். பேருந்து நாலே காலுக்கு என்று பலகையில் போட்டிருக்கிறது. நான் நாலு மணிக்கே போய் நின்றுவிடுவேன்.

சின்னவள்